கொடியில் தொங்குவது கைக்குட்டை அல்ல

போன வாரம் நான் போட்ட மொட்டை மாடிப் படத்தைப் பார்த்துவிட்டு, என்னிடம் பத்தாம் வகுப்பு படித்த ஒருவர் கேட்டிருந்தார்: "சார், பின்னாடி கொடியில இருபது முப்பது கைக்குட்டை தொங்குதே, வீட்ல எல்லாருக்கும் ஜலதோஷமா?"

இல்லை தம்பி. அவை என் பேத்தியின் துணிகள். கடையில் விற்கும் வைப்ஸுக்குப் பதிலாக, என் பழைய வேட்டியை வெட்டித் தைத்தவை. இதைச் சொன்னதும் கீழே பத்துப் பதினைந்து பேர் "எப்படிச் செய்வது?" என்று கேட்டுவிட்டீர்கள். நான்கு பேர் "அந்தக் காலத்து முறைக்கு ஈடே இல்லை" என்று எழுதி இதயம் போட்டிருக்கிறீர்கள். நான்கு பேருமே ஆண்கள். அதனால்தான் இந்தப் பதிவு கொஞ்சம் நீளம்.

எட்டு மாதத்துக்கு முன் நானும் உங்களைப் போல இதயம் போடும் கூட்டத்தில்தான் இருந்தேன். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். குழந்தைக்குத் தொடையிடுக்கில் லேசாகச் சிவந்திருந்தது. நான் உடனே வைப்ஸ் பாக்கெட்டை எடுத்து, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பின்னால் இருந்த பொடி எழுத்தைப் படித்து வேதியியல் வகுப்பு நடத்த ஆரம்பித்துவிட்டேன். இதில் இன்ன பொருள் இருக்கிறது, அது இன்னது செய்யும், நம் காலத்தில் வெறும் பருத்தித் துணிதானே, உன்னை அப்படித்தானே வளர்த்தோம் என்று.

மகள் குழந்தையை மடியில் போட்டபடி நிமிர்ந்து பார்த்தாள். "சரிப்பா, துணியே வச்சுக்கலாம். நீங்க துவைப்பீங்களா?"

அடுக்களையிலிருந்து என் மனைவி சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "வளர்த்தோம்னு சொல்றாரு பாரு. உங்க ரெண்டு பிள்ளைங்க துணியை எத்தனை வருஷம் அலசினேன், ஒரு நாள் அந்த வாளிப் பக்கம் வந்திருக்கீங்களா?"

வந்ததில்லை. முப்பது வருடத்துக்கு மேல் சுத்தம், சுகாதாரம் என்று கரும்பலகையில் எழுதிய கை, சொந்தப் பிள்ளையின் மூத்திரத் துணியை ஒருமுறைகூடத் தொட்டதில்லை. அன்று மாலையே வாளியை எடுத்தேன். இன்றுவரை கீழே வைக்கவில்லை.

இனி செய்முறைக்கு வருகிறேன். புதுத் துணி வாங்காதீர்கள். பல வருடம் துவைத்துக் கஞ்சியெல்லாம் போன பருத்தி வேட்டியோ நூல் சேலையோதான் வேண்டும். அதுதான் மெத்தென்று இருக்கும், தண்ணீரையும் இழுக்கும். நாலு முழ வேட்டி சுமார் 2 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் இருக்கும். கரையையும் கிழிந்த இடங்களையும் ஒதுக்கிவிட்டு 20 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டினால், கணக்குப்படி 60 வர வேண்டியதற்கு எனக்கு 50 வந்தது. இரண்டிரண்டாக வைத்துத் தைத்தால் 25. தெரு முனைத் தையல்காரரிடம் கொடுத்து ஓரத்துக்கு ஓவர்லாக் அடித்து வாங்கினேன். இல்லாவிட்டால் நூல் பிரிந்துகொண்டே இருக்கும். பிரிந்த நூல் குழந்தையின் விரலில் சுற்றி இறுக்கிவிட்டால் ரத்த ஓட்டம் நின்றுவிடும். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

வேட்டி முழுப் பருத்திதானா என்று சந்தேகமா? ஓரத்திலிருந்து இரண்டு நூலை உருவி, இடுக்கியில் பிடித்துத் தீயில் காட்டுங்கள். பருத்தி, காகிதம் எரிகிற வாசனையோடு எரிந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு, கெட்டியான சின்ன உருண்டையாக நிற்கும். ஆய்வகத்தில் உங்களுக்குச் செய்து காட்டியதுதான். கலப்புத் துணி வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சாது.

அடுத்ததுதான் முக்கியம். இணையத்தில் இதற்கு நிறையக் கரைசல் சொல்கிறார்கள். பேபி சோப்பு, தேங்காய் எண்ணெய், ஏதோ வாசனைத் தைலம் எல்லாம் கலந்து, துணியை அதில் நனைத்து டப்பாவில் அடுக்கி வைத்தால் ஒரு வாரத்துக்கு ஆகுமாம். செய்யாதீர்கள். கடைப் பாக்கெட்டில் பதப்படுத்தும் வேதிப்பொருள் சேர்ப்பது வேண்டுமென்றே விஷம் வைக்க அல்ல. ஈரமான ஒரு பொருள் மாதக்கணக்கில் கெடாமல் இருக்க வேண்டும் என்றால் அது இல்லாமல் முடியாது. அந்தப் பொருள் இல்லாமல் நீங்கள் ஈரத்தை மூடி வைத்தால், நம் ஊர் வெக்கையில் கிருமிக்குத் தொட்டில் கட்டிக் கொடுத்த மாதிரிதான். துணி காய்ந்தே இருக்கட்டும். பக்கத்தில் ஒரு பிளாஸ்கில் கொதித்து ஆறிய வெதுவெதுப்பான தண்ணீர் போதும். தேவைப்படும்போது கிண்ணத்தில் ஊற்றி, நனைத்து, பிழிந்து துடைக்க வேண்டும். இன்னொரு காய்ந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். தேய்க்கக் கூடாது. பெண் குழந்தை என்றால் முன்னிருந்து பின்னாக.

துவைப்பது இப்படி. மலம் இருந்தால் முதலில் கழிப்பறையில் உதறி அலசிவிட்டு, மூடியுள்ள வாளியில் அப்படியே போட்டு வையுங்கள். வாளியில் தண்ணீர் ஊற்றி ஊறவைத்து விட்டுப் போகாதீர்கள். தவழும் குழந்தை உள்ள வீட்டில் கால் வாளித் தண்ணீர்கூட உயிருக்கு ஆபத்து. அன்றன்றைக்கே சுடுதண்ணீரில் சோப்புத்தூள் போட்டுத் துவைத்து, நுரை போகும்வரை அலசி, வெயிலில் காயப்போட வேண்டும். துணி மிருதுவாக இருக்கட்டும் என்று கடைசி அலசலில் ஊற்றுகிறார்களே ஒரு வாசனை திரவம், அது வேண்டாம். நூலின் மேல் படிந்து உறிஞ்சும் தன்மையைக் கெடுத்துவிடும். வாரம் ஒருநாள் பழைய பாத்திரத்தில் போட்டுக் கொதிக்க வைக்கிறேன். இதற்குத் தினமும் எனக்குச் சுமார் முக்கால் மணி நேரம் ஆகிறது. ஓய்வு பெற்றவனுக்கு முக்கால் மணி நேரம் ஒன்றுமில்லை. இரவில் மூன்று முறை எழுந்து பால் கொடுப்பவளுக்கு அதுதான் தூங்கக் கிடைக்கும் ஒரே நேரம்.

வைப்ஸ் பற்றி நான் மகளிடம் பேசியதில் பாதி உண்மை, பாதி தாத்தாவின் வேகம். உண்மையான பாதி இது: மெத்தில்ஐசோதியாசோலினோன் என்று ஒரு பதப்படுத்தும் பொருள். வைப்ஸ் உட்படப் பலவற்றில் சேர்க்கப்பட்டது. தோல் ஒவ்வாமை அதிகமாகி, 2013இல் அமெரிக்கத் தோல் மருத்துவர்களின் சங்கம் ஒன்று அதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்தது. தோலில் பூசிக் கழுவாமல் விடுகிற பொருள்களில் அதைச் சேர்க்க ஐரோப்பிய ஒன்றியம் 2017இல் தடை போட்டது. மகள் வைத்திருந்த பாக்கெட்டில் அது இல்லவே இல்லை. நான்தான் கண்ணாடியைத் துடைக்காமல் படித்திருக்கிறேன். 2012இல் மான்செஸ்டரில் 280 பச்சிளம் குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு வந்தது. வைப்ஸால் துடைத்த தோலுக்கும், பஞ்சும் தண்ணீரும் கொண்டு துடைத்த தோலுக்கும் ஈரப்பதத்தில் வித்தியாசமில்லை என்றது. செலவை ஏற்றது வைப்ஸ் தயாரிக்கும் நிறுவனம்தான். அதற்காக முடிவே பொய் என்று சொல்லிவிட முடியாது. ஆகவே, வைப்ஸ் வாங்கும் தாயைக் குற்றவாளி மாதிரிப் பார்க்கும் மாமிகளும் மாமாக்களும் தயவுசெய்து நிறுத்திக்கொள்ளுங்கள்.

என் ஆட்சேபணை குழந்தையின் தோலோடு முடியவில்லை. 26 வார விடுப்பு முடிந்து மகள் சென்னைக்குத் திரும்பியபோது நாங்களும் கூடவே வந்துவிட்டோம். இரண்டு மாதத்துக்கு முன் இந்த அடுக்ககத்தில் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. தரைத்தள வீட்டுக் கழிப்பறையில் தண்ணீர் எதிர்த்து வந்தது. இரண்டு பேரை அழைத்து வந்தார்கள். கையுறை கிடையாது. ஒருவர் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டு, கயிறு கயிறாக எதையோ இழுத்துப் போட்டார். அத்தனையும் வைப்ஸ். ஒரு இழைகூட நைந்திருக்கவில்லை. கழிப்பறைத் தாள் குட்டை மர இழைகளால் ஆனது, தண்ணீரில் பிரிந்துவிடும். வைப்ஸ் நீள இழைகளைப் பின்னிச் செய்வது, பெரும்பாலும் அதில் பாலியஸ்டரும் இருக்கும். அது எங்கே கரையப் போகிறது? லண்டன் வைட்சேப்பலில் 2017இல் கொழுப்பும் வைப்ஸும் சேர்ந்து இறுகி 250 மீட்டர் நீளத்துக்குச் சாக்கடையை அடைத்தது, எடை 130 டன். அங்கே அதை உடைக்கப் பாதுகாப்பு உடை போட்ட ஆட்களும் இயந்திரமும் வந்தார்கள்.

இங்கே? பாதுகாப்புக் கருவி இல்லாமல் மனிதரைச் சாக்கடைக்குள் இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அப்படி இறங்கி இறப்பவரின் குடும்பத்துக்கு 30 லட்சம் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் உயர்த்தியது. அதாவது, இறப்பு நிற்கவில்லை. அன்று படுத்திருந்தவருக்கு உங்களில் பலரின் வயதுதான் இருக்கும். கை கழுவ சோப்பு கொண்டுபோய்க் கொடுத்தேன். "இது எல்லா பில்டிங்லயும் வர்றதுதான் சார்" என்றார், சாதாரணமாக.

வைப்ஸ் வாங்குபவர்கள் வாங்குங்கள். அதைக் கழிப்பறையில் மட்டும் போடாதீர்கள். காகிதத்தில் சுற்றித் தனியாகக் குப்பையில் சேருங்கள். நாங்களும் வெளியூர்ப் பயணத்துக்கு ஒரு பாக்கெட் வைத்திருக்கிறோம். அடைமழை நாட்களில் துணி காயாமல் முடைநாற்றம் அடிக்கும்போதும் அதுதான். முதல் மாதங்களில் 72 தாள் பாக்கெட் ஆறு நாளில் தீர்ந்தது. இப்போது ஒன்றே இரண்டு மாதத்துக்கு மேல் வருகிறது. வீட்டில் இருக்கும்போது பாதி நேரம் துணிகூடத் தேவைப்படுவதில்லை. குழாயடியில் பிடித்துக் கழுவிவிட்டால் வேலை முடிந்தது. நம் வீடுகளில் என்றைக்கும் அப்படித்தானே!

இதயம் போட்ட அந்த நான்கு பேருக்கும் ஒரு வார்த்தை. உங்களில் இரண்டு பேர் வீட்டில் கைக்குழந்தை இருப்பது எனக்குத் தெரியும். அந்தக் காலத்து முறை என்று நாம் பெருமை பேசுவது எல்லாமே அந்தக் காலத்துப் பெண்களின் இடுப்பெலும்பில் நடந்தது. துணியைத் தைத்துக் கொடுத்துவிட்டு, "இனிமே இதுதான்" என்று மனைவியிடம் நீட்டுவதாக இருந்தால் அந்த வேட்டியை வெட்டவே வேண்டாம், கட்டிக்கொள்ளுங்கள். துவைக்கப் போவது நீங்கள்தான் என்றால் எனக்கு எழுதுங்கள். அளவெடுத்து வெட்டுவதைப் படம்பிடித்து அனுப்புகிறேன். ஆரம்பத்தில் அருவருப்பாகத்தான் இருக்கும், எனக்கும் இருந்தது. நான்காம் நாள் போய்விட்டது.

உறவினர்களுக்குத் தனியாக ஒன்று. அடுத்த மாதம் காதணி விழாவுக்கு எனக்கு வேட்டி எடுக்கப் போவதாகக் கேள்விப்பட்டேன். போன முறை தந்தது பாதி பாலியஸ்டர், நூலை உருவிக் கொளுத்திப் பார்த்துவிட்டேன். இந்த முறை பருத்தியாகப் பார்த்து எடுங்கள். 25இல் இரண்டு துணியைக் காற்று கொண்டுபோய்விட்டது, இன்னும் இரண்டு கிழியும் நிலையில் இருக்கிறது.