வீட்டுப் பட்டறை: பழைய அம்பாசடரின் எஞ்சின் அறை

கல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் வாழும் நம் சங்க அன்பர் ஒருவர், சென்ற திங்கள் என்னை வீட்டிற்கு அழைத்துச் சென்று, தம் தந்தையார் விட்டுச் சென்ற அம்பாசடர் வண்டியின் பானெட்டைத் திறந்து காட்டினார். 1968-இல் வாங்கிய வண்டி. தந்தையார் மறைந்தபின் ஆறாண்டுகளாக ஓடாமல் நிற்கிறது. உள்ளே கரியும் எண்ணெய்ப் பிசுக்கும் விரற்கடை கனத்திற்குப் படிந்திருந்தன. “தம்பி விற்றுவிடலாம் என்கிறான், அம்மாவுக்கு மனமில்லை. நாளைக் காலை வர்ணக்காரர் வருகிறார், ஐயா. ஒரே நாளில் புதிதாக்கிவிடுவாராம்” என்றார். வர்ணக்காரரை வரவேண்டாம் என்று சொல்லும்படி கேட்டுக்கொண்டேன். அதன் காரணம் பழைய வண்டி வைத்திருக்கும் மற்ற அன்பர்களுக்கும் பயன்படுமாதலால் இங்கே எழுதுகிறேன்.

ஐம்பது ஆண்டு கடந்த சொந்த வண்டிகளைத் தனிவரிசையில் பதிவு செய்ய 2021 ஜூலையில் மத்திய அரசு விதிகள் வெளியிட்டது. அவ்விதிகளின்படி புதுப்பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய். பதிவு பத்தாண்டுக்குச் செல்லும். அவ்வண்டியை நாள்தோறும் ஓட்டித் திரியலாகாது. கண்காட்சி, அணிவகுப்பு, பழுதுபார்த்தல் போன்றவற்றிற்கே வெளியே எடுக்கலாம். உடலிலோ எஞ்சினிலோ பெருமாற்றம் செய்திருக்கவும் கூடாது. வண்டி இன்னதென்று காட்டுபவை அதன் எண்களே. அன்பரின் வண்டியில் ஓர் எண் தகடு எஞ்சின் அறையின் பின்சுவரில் இருக்கிறது. எஞ்சின் எண்ணோ எஞ்சினின் மேலேயே இருக்கிறது. கம்பிப் பிரஷ்ஷை அவற்றின்மேல் நாலுமுறை தேய்த்தால் எழுத்து மழுங்கும். வர்ணம் கனமாக ஏறினால் பள்ளம் தூர்ந்துபோம். ஆகவே முதல் வேலை, எண்களைப் புகைப்படம் எடுத்துக்கொள்வதும், தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்துக்கொள்வதுமே. பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிட்டபின் அவ்விடங்களை ஒட்டுத்தாளால் மூடிவிட வேண்டும்.

இதைச் சொல்ல எனக்கு உரிமை வந்தது ஒரு தவற்றினால். முன்னொரு பழைய வண்டிக்கு நானே வர்ணம் பூசினேன். பாட்டரி வைக்கும் தட்டில் துரு இருந்தது. மேலாகச் சுரண்டிவிட்டுக் கறுப்பு எனாமல் பூசி, பெருமையோடு பானெட்டைத் திறந்து திறந்து எல்லாருக்கும் காட்டினேன். அடுத்த மழைக்காலத்தில் தட்டு பாட்டரியின் சுமை தாங்காமல் ஒருபுறம் இற்றுப் போயிற்று. பாட்டரி அமிலம் வர்ணத்தின் அடியில் இருந்துகொண்டே இரும்பைத் தின்றிருக்கிறது. சமையல் சோடாவை நீரில் கரைத்து அவ்விடத்தில் ஊற்றி, நுரைப்பது அடங்கும்வரை கழுவியிருந்தால் அமிலம் செத்திருக்கும். காலணாச் செலவில் முடிகிற காரியம்!

சுத்தம் செய்யும் முறைக்கு வருவோம். முதலில் பாட்டரியைக் கழற்றுக. வண்டியின் உடலோடு பிணைந்த முனையை முதலில் கழற்றி, திரும்பப் பூட்டும்போது கடைசியாகப் பூட்ட வேண்டும். அக்காலத்து ஆங்கிலேய அமைப்பு வண்டிகளில் நேர்முனை உடலோடு பிணைந்திருப்பதும் உண்டு. கண்ணால் பார்த்தே தீர்மானிக்க வேண்டும். கார்புரேட்டர், டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ ஆகிய மூன்றையும் பிளாஸ்டிக் பையால் இறுகக் கட்டிவிட்டு, மண்ணெண்ணெயும் பிரஷ்ஷுமாகப் பிசுக்கை இளக்குக. பெட்ரோல் வேண்டவே வேண்டாம். அதன் ஆவி எங்கோ இருக்கும் நெருப்பைத் தேடிச் செல்லும். காஸ்டிக் சோடாவும் ஆகாது; அலுமினியக் கலவைப் பாகங்களை அரித்துவிடும். பின்பு சோப்பு நீர், அதன்பின் நல்ல நீர், அதன்பின் ஒருநாள் முழுதும் உலர்ச்சி. குழாயைப் பீய்ச்சி அடிப்பவர்கள் மறுநாள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போவதை நான் பார்த்திருக்கிறேன்.

பழைய வர்ணத்தில் ஈயம் கலந்திருக்கக்கூடும். ஆதலால் உப்புத்தாளை நீரில் நனைத்தே தேய்க்க வேண்டும். மூக்கையும் வாயையும் நல்ல முகமூடியால் மூடிக்கொள்ள வேண்டும். குழந்தைகளை அருகில் விடலாகாது. இரும்பு வெளிப்பட்ட இடங்களுக்கு அன்றைக்கே ரெட் ஆக்ஸைடு பூசுக. கல்கத்தாக் காற்றில் ஓரிரவு போதும், செம்மை படர்ந்துவிடும். பூசுமுன் தின்னர் தோய்த்த துணியால் துடைக்காவிடில், எண்ணெயின் சாயல் பட்ட இடத்தில் வர்ணம் ஒட்டாமல் விலகி நிற்கும். எக்ஸாஸ்ட் குழாயின் பக்கம் சாதாரண வர்ணம் கருகி நாறும். அதற்கு வெப்பம் தாங்கும் வர்ணம் தனியே உண்டு.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எஞ்சினையும் உடலையும் இணைக்கும் எர்த் பட்டை அமரும் இடம் வெற்று இரும்பாகவே இருக்க வேண்டும். அங்கே வர்ணம் ஏறினால் மின்சாரம் செல்லாது. ஸ்டார்ட்டர் முனகும், வண்டி கிளம்பாது. இதை அறியாமல் நல்ல பாட்டரியைப் பழித்துப் புதியது வாங்கியவர்கள் பலர்.

அன்பரின் வீட்டில் சுத்தம் செய்யும் வேலை இரண்டு ஞாயிற்றுக்கிழமை நடந்தது. பிசுக்குப் போனபின் வால்வு மூடியின் விளிம்பில் எண்ணெய் கசிவது தெரிந்தது. மல்லிக் பஜாரில் காஸ்கெட் ஒன்று வாங்கிப் போட்டதும் நின்றது. வர்ணம் பூசியிருந்தால் அது கண்ணில் பட்டிராது. பானெட்டின் உட்புறத்தில், எண்ணெய் மாற்றிய தேதிகளைத் தந்தையார் வெள்ளை எனாமலால் தமிழில் வரிசையாக எழுதி வைத்திருந்ததும் வெளிப்பட்டது. அம்மையார் வந்து நெடுநேரம் பார்த்திருந்துவிட்டு, அந்த இடத்திற்கு மட்டும் வர்ணம் வேண்டாம் என்றார். தம்பி அதன்பின் விற்பனைப் பேச்சை எடுக்கவில்லை. எடுக்கமாட்டார் என்று நான் சொல்ல வரவில்லை.

வர்ணம் பூசக் கார்த்திகை பிறக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். மழை ஈரத்தில் பூசினால் சிலவகை வர்ணங்கள் வெளுத்து மங்கும். அடுத்த இதழில் ரேடியேட்டர் பற்றி எழுதுவேன்.