ஆராய்ச்சியை நடுவில் நிறுத்தலாமா?

கோரிமேட்டில் "டாக்டர்" என்றால் ஜிப்மர் டாக்டர்தான். விடியும் முன்பே வந்து வரிசையில் நிற்கும் நோயாளிகளுக்கு வேறு டாக்டர் தெரியாது. விழுப்புரம், கடலூர், திண்டிவனம் என்று பல ஊர்களிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள்.

அதே கோரிமேட்டில் இன்னொரு வகை டாக்டர்களும் உருவாகிறார்கள். ஊசி போடாத டாக்டர்கள்!

ஜிப்மரிலேயே அப்படிச் சிலர் இருக்கிறார்கள். பக்கத்தில் இந்திரா நகரில் 1975-ல் தொடங்கிய கொசு ஆராய்ச்சி நிலையத்திலும் இருக்கிறார்கள். யானைக்கால், மலேரியா, டெங்கு ஆகிய நோய்களைக் கொசு எப்படிப் பரப்புகிறது, அதை எப்படித் தடுப்பது என்று ஆராயும் இடம் அது. எம்.எஸ்சி. முடித்த பிள்ளைகள் அங்கே சேர்ந்து, ஐந்து, ஆறு ஆண்டு உழைத்து, ஆய்வு நூல் ஒன்று எழுதிக் கொடுக்கிறார்கள். அது தேறினால் பெயருக்கு முன்னால் "டாக்டர்" என்று போட்டுக்கொள்ளலாம்.

தேறும் வரையில் சாப்பாட்டுக்கு என்ன வழி? வீட்டில் உள்ளவர்கள் கேட்கும் கேள்வி அதுதான்.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தந்தை பஞ்சாலைத் தொழிலாளி. புதுவை மக்கள் ரோடியர் மில் என்று சொல்லும் ஆங்கிலோ பிரெஞ்சு மில்லில் வேலை பார்த்தவர். அந்த மில் 2020 ஏப்ரல் 30-ந் தேதியோடு மூடப்பட்டுவிட்டது. மகன் கோரிமேட்டில் கொசு ஆராய்ச்சி செய்கிறான். மகளுக்குக் கல்யாணம் பேசவேண்டும். இந்த நேரம் பார்த்து, ஒரு மருந்துக் கம்பெனியில் மகனுக்கு வேலை வருகிறது.

"படிப்பு எங்கே ஓடிப்போகிறது, தம்பி? முதலில் வேலையில் சேர். பிறகு முடித்துக்கொள்ளலாம்" என்கிறார் தாய்மாமன்.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அவள் சொல்லாமல் இருப்பதுதான் மகனை வாட்டுகிறது.

மாமா சொல்வது தவறா? எடுத்த எடுப்பில் அப்படிச் சொல்லிவிட முடியாது. நாளைக்கு எந்த ஆலை மூடும், எந்தக் கம்பெனி ஆளைக் குறைக்கும் என்று தெரியாத காலம். கையில் வந்த வேலையை விட்டால் மறுபடி வருமா? பட்டம் வாங்கியவர்களிலும் நிரந்தர உத்தியோகம் இல்லாமல் தொகுப்பூதியத்தில் பாடம் நடத்துகிறவர்கள் எத்தனையோ பேர். அதையும் மாமா பார்த்துத்தான் இருக்கிறார்.

ஆனால், "படிப்பு எங்கே ஓடிப்போகிறது" என்றாரே, அதுமட்டும் சரியில்லை. படிப்பு ஓடிப்போகும்!

கெடு நிற்காது

பல்கலைக்கழக மானியக் குழு 2022-ல் போட்ட விதி இது: டாக்டர் பட்டப் படிப்பை மூன்று ஆண்டுக்குக் குறையாமல், ஆறு ஆண்டுக்கு மேற்படாமல் முடிக்கவேண்டும். முடியாவிட்டால், மறுபதிவு செய்து இன்னும் இரண்டு ஆண்டு வாங்கலாம். பெண்களுக்கும், 40 சதவீதத்துக்கு மேல் உடல் ஊனமுற்றவர்களுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு சலுகை உண்டு.

பெயர் பதிந்த நாளிலிருந்து கெடு ஓடுகிறது. மாணவன் ஒருவரிடமும் சொல்லாமல் வேலைக்குப் போய்விட்டால் அது அவனுக்காக நிற்காது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலோசனைக் குழுவின் முன்னால் நின்று, இதுவரை என்ன செய்தேன் என்று சொல்லவேண்டும். முன்னேற்றம் இல்லை என்று கண்டால், பதிவையே ரத்து செய்யும்படி குழு சிபாரிசு செய்யலாம். சொல்லாமல் போன பல பேருடைய படிப்பு இப்படித்தான் வீணாகிறது.

இன்னொன்றையும் பார்க்கவேண்டும். எந்த ஆராய்ச்சியை நிறுத்தப்போகிறோம்? பழைய ஓலைச்சுவடியை ஆராய்கிறவன் ஓர் ஆண்டு கழித்து வந்தாலும் சுவடி அதே பெட்டியில் இருக்கும். கொசு இருக்குமா? முட்டை, புழு, கூட்டுப்புழு, கொசு என்று பத்துப் பன்னிரண்டு நாளில் ஒரு தலைமுறை வளர்ந்துவிடுகிறது. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் கூண்டு காலி! டெங்குக் கொசுவின் முட்டை மட்டும் ஈரமில்லாமல் சில மாதம் தாங்கும். யானைக்கால் பரப்பும் கொசுவின் முட்டைக்கு அந்தச் சக்தி இல்லை. ஒரே கட்டடத்தில் ஒருவன் ஆராய்ச்சியை நிறுத்தி வைக்க முடிகிறது, அடுத்த அறைக்காரன் முதலிலிருந்து தொடங்கவேண்டியிருக்கிறது. மாமாவுக்கு இது எப்படித் தெரியும்? மகன்தான் வீட்டில் உட்கார்ந்து விளக்கிச் சொல்லவேண்டும்.

ஐந்து ஆண்டுப் பணம், ஆறு ஆண்டுப் படிப்பு

"நெட்" என்ற தேர்வில் உயர்ந்த இடம் பெற்றவர்களுக்கு அரசு உதவித்தொகை உண்டு. 2019-ல் அது மாதம் 31,000 ரூபாய் ஆயிற்று. 2023-லிருந்து முதல் இரண்டு ஆண்டு 37,000 ரூபாயும், பிறகு 42,000 ரூபாயும் ஆக உயர்ந்தது. நல்ல தொகைதான்.

ஆனால் இது ஐந்து ஆண்டுக்குத்தான். படிப்புக்குக் கொடுத்த கெடுவோ ஆறு ஆண்டு. ஆய்வு நூலை உட்கார்ந்து எழுதும் கடைசி ஆண்டில், முழுக் கவனமும் வேண்டிய நேரத்தில், பணம் நின்றுபோகிறது! ஆராய்ச்சி மாணவர்களின் வீடுகளில் "நிறுத்தலாமா" என்ற பேச்சு பெரும்பாலும் அப்போதுதான் எழுகிறது.

கொரோனா வந்த 2020-ல் ஆய்வுக்கூடங்கள் பூட்டப்பட்டன. கோரிமேட்டு எல்லையையும் அடைத்தார்கள். பல்கலைக்கழக மானியக் குழு இரக்கம் காட்டி, ஆய்வு நூலைக் கொடுக்கும் கெடுவை முதலில் ஆறு மாதமும், பிறகு மேலும் சில மாதமும் தள்ளிவைத்தது. உதவித்தொகை மட்டும் ஐந்து ஆண்டுதான் என்று சொல்லிவிட்டது. கெடுவை நீட்டி, வயிற்றை அப்படியே விட்டால் மாணவன் என்ன செய்வான்?

அந்தத் தேர்வில் இடம் பெறாமல் மத்தியப் பல்கலைக்கழகங்களில் சேர்ந்தவர்கள் பாடு இன்னும் மோசம். அவர்களுக்கு மாதம் 8,000 ரூபாய். இந்தத் தொகைக்காக 2015-ல் டில்லியில் மாணவர்கள் தெருவில் போராடினார்கள். 2019-லும் 2023-லும் மற்றவர்களுக்கு உயர்த்தியபோது இதை உயர்த்தவில்லை. ஜிப்மர் வாசலில் டீயும் இரண்டு வேளைச் சாப்பாடும் கணக்குப் போட்டால், மாதக் கடைசியில் அதில் என்ன மிஞ்சும்?

ஆறாவது ஆண்டுக்கும் பணம் கொடுக்கவேண்டும். 8,000 ரூபாயை உயர்த்தவேண்டும். ஐந்து ஆண்டு பணம் கொடுத்து வளர்த்த ஆராய்ச்சியைக் கடைசி ஆண்டில் கைவிடுவது அரசுக்கும் நஷ்டம்தான்.

வேலையும் படிப்பும்

அதுவரையில் குடும்பங்கள் என்ன செய்வது? முழுக்க நிறுத்துவது, முழுக்கத் தொடர்வது என்ற இரண்டு வழிதான் உண்டு என்று பலர் நினைக்கிறார்கள். பகுதி நேர ஆராய்ச்சிக்கும் விதியில் இடம் உண்டு. வேலை கொடுப்பவர், தமக்கு ஆட்சேபம் இல்லை என்று எழுதிக் கொடுக்கவேண்டும். ஆராய்ச்சிக்கு நேரம் கிடைக்கும் என்றும் அதில் சொல்லவேண்டும்.

டாக்டர் மு. வரதராசனாரைத் தெரியாத தமிழ்க் குடும்பம் உண்டா? இளம் வயதில் திருப்பத்தூர் தாலுகா ஆபீசில் குமாஸ்தாவாக இருந்தவர். பிறகு ஆசிரியரானார். பச்சையப்பன் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொண்டே ஆராய்ச்சியும் செய்து, 1948-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கினார்.

லண்டனில் பிரையன் மே என்ற கிதார் வாத்தியக்காரர் இருக்கிறார். வானத்துத் தூசியைப் பற்றிய ஆராய்ச்சியை 1974-ல் பாதியில் விட்டுப் பாட்டுக் குழுவோடு போனார். 2007-ல் திரும்பி வந்து முடித்தார். முப்பத்துமூன்று ஆண்டு! அவருக்குப் பாட்டில் பணம் கொட்டியது, அவருடைய கல்லூரியும் கதவைத் திறந்து வைத்திருந்தது. எல்லோருக்கும் அது நடக்காது.

மகள் ஆராய்ச்சி செய்கிற வீடுகளில், "கல்யாணம் ஆகிறது, படிப்பை விட்டுவிடு" என்பார்கள். விடவேண்டியதில்லை. பேறுகாலத்துக்கும் குழந்தையைக் கவனிக்கவும் 240 நாள் வரை விடுப்பு எடுக்கலாம். புகுந்த வீடு வெளியூரில் இருந்தால், அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்துக்கு ஆராய்ச்சியை மாற்றிக்கொள்ளவும் விதி இடம் தருகிறது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் நகையைப் பற்றிப் பேசும்போது இதையும் பேசிக்கொள்ளலாம்!

அந்தக் கோரிமேட்டு மகன் முதலில் தன் வழிகாட்டிப் பேராசிரியரிடம் போய்ச் சொல்லட்டும். இன்னும் எத்தனை மாத வேலை பாக்கி என்று அவரைக் கேட்கட்டும். ஆறு மாதம்தான் என்றால், கடன் வாங்கியாவது முடிப்பது மேல். இரண்டு ஆண்டு என்றால், பகுதி நேரத்துக்கு மாற முடியுமா, எத்தனை நாள் விடுப்புக் கிடைக்கும், கெடு எப்போது முடிகிறது என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொண்டு வேலையில் சேரட்டும். கம்பெனிக்காரரிடமும் சேரும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

கடிதத்தை எடுத்துக்கொண்டு காலாப்பட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது, மாமாவையும் கூட அழைத்துக்கொண்டு போகலாம்.