சுழித்து எழுதினால்தான் மரியாதையா?

போன மாசம் ஒரு கருத்தரங்கில் கட்டுரை வாசித்தேன். பளபளவென்று ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். என் பெயர் முழுக்க ஆங்கில கேப்பிட்டல் எழுத்தில், கல்யாணப் பத்திரிகை மாதிரி வளைந்து நெளிந்து... பார்க்க ஜோராகத்தான் இருந்தது. அதை இணைத்து ஒரு இன்டர்ன்ஷிப்புக்கு விண்ணப்பித்தேன். என் இனிஷியல் 'ஜே'வை 'ஐ' என்று படித்துவிட்டு, "இது உங்க சான்றிதழ்தானா?" என்று கேட்டுவிட்டார்கள். விளக்கக் கடிதம் வாங்க இரண்டு நாள் அலைந்தேன்.

அந்த எழுத்துருக்களைத் திட்டத்தான் உட்கார்ந்தேன். ஆனால் கொஞ்சம் படித்துப் பார்த்ததும் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

இந்த வகையில் புகழ்பெற்றது 'ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட்'. சார்லஸ் ஸ்னெல் (1667-1733) என்ற லண்டன் எழுத்தாசிரியரின் கையெழுத்தை வைத்து, 1966-இல் மேத்யூ கார்ட்டர் வடிவமைத்தது. ஈய அச்சில் ஒவ்வொரு எழுத்தும் தனித்தனிக் கட்டை. சாய்ந்த எழுத்துகளை ஒட்டவைப்பது பெரும்பாடு. போட்டோ டைப்செட்டிங் வந்ததும்தான் அது சுலபமானது. திரையில் தெளிவாகத் தெரிய 1996-இல் 'வெர்டானா'வைச் செய்தவரும் இதே கார்ட்டர்தான்.

பி.காம். மக்களே, இதைக் கவனியுங்கள். ஸ்னெல் ஒரு கணக்காளரும்கூட! 1720-இல் சவுத் சீ கம்பெனி ஊழல் வெடித்தபோது, அதன் இயக்குநர் ஒருவர் பங்குதாரராக இருந்த நிறுவனத்தின் கணக்கை ஆராய்ந்து 1721-இல் அறிக்கை கொடுத்தவர். வெளியாள் செய்த ஆரம்பகாலத் தணிக்கைகளில் ஒன்று என்று ஆடிட்டிங் வரலாற்றில் அதைச் சொல்கிறார்கள்.

ஆக, ரவுண்ட்ஹேண்ட் மாளிகை அலங்காரம் இல்லை. பேரேட்டிலும் வியாபாரக் கடிதத்திலும் வேகமாக எழுத, தப்பில்லாமல் படிக்கப் பிறந்தது. அநாவசிய சித்திர வேலையை ஸ்னெல்லே சாடியிருக்கிறார். அதை எடுத்து யாரும் படிக்க முடியாதபடி செய்தது நாம்தான்.

இதில் பெரிய எழுத்து, பின்னால் வரும் சின்ன எழுத்துக்குக் கைகொடுக்க வரைந்தது. பெரிய எழுத்துகளை மட்டும் வரிசையாக நிறுத்தினால் ஒன்றின் சுழி இன்னொன்றின் கழுத்தில் விழும். அதைப் பொடி அளவில் அச்சடித்தால் மெல்லிய கோடுகள் காணாமலே போய்விடும்.

"அப்போ அழகே வேண்டாமா?" என்பீர்கள். தாராளமாக வேண்டும். கடைப் பெயர், தலைப்பு, வாழ்த்து என்று ஒன்றிரண்டு வார்த்தைகளைப் பெரிசாகப் போடுங்கள், கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஆனால் ஆள் பெயர், முகவரி, தொலைபேசி எண், தேதி, தொகை? இவை சாதா எழுத்தில்தான் இருக்க வேண்டும்.

சான்றிதழ் என்பது சாட்சி. சாட்சி சொல்வது புரியவில்லை என்றால், அவர் எவ்வளவு பட்டு உடுத்தி வந்து என்ன பயன்?

பி.கு.: அடுத்த மாசம் எங்கள் துறை விழா. சான்றிதழ் அடிக்கும் பொறுப்பை நானே கேட்டு வாங்கியிருக்கிறேன் :-)