நெசவாளர் கூலி: ‘1,200 ரூபாய் வித்தியாசம்’ என்றால் அப்படியே நம்பிவிடலாமா?

நாட்டில் உள்ள கைத்தறி நெசவாளர் குடும்பங்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, மாதம் 5,000 ரூபாய்க்கும் குறைவாகவே சம்பாதிக்கிறது என்றது 2019-20 கைத்தறிக் கணக்கெடுப்பு. இப்படிப்பட்ட தொழிலில் ஆயிரம் ரூபாய் என்பது சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் ‘யாருக்குக் கூலி அதிகம்?’ என்ற கேள்விக்கு வரும் பதிலை கொஞ்சம் உஷாராகப் படிக்க வேண்டியிருக்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கு

முசரவாக்கத்திலும் காஞ்சிபுரம் வட்டார ஊர்களிலும் ஒரு சர்வே எடுப்பதாக வைத்துக்கொள்வோம். கூட்டுறவு சங்கத்துக்கு நெய்கிற 40 பேர், தனியார் முதலாளிக்கு நெய்கிற 40 பேர். சங்கத்துக்காரர்களின் சராசரி மாத வருமானம் 12,400 ரூபாய், திட்டவிலக்கம் 3,600. தனியார் பக்கம் சராசரி 11,200, திட்டவிலக்கம் 4,000.

வித்தியாசம் 1,200 ரூபாய். ‘சங்கமே பெஸ்ட்’ என்று தலைப்பு போட்டுவிடலாமா? முடியாது. வேறு 80 பேரைக் கேட்டிருந்தால் வேறு நம்பர் வந்திருக்கும். அந்த ஆட்டம் எவ்வளவு என்று சொல்வதுதான் ‘நம்பிக்கை இடைவெளி’. 1930-களில் ஜெர்சி நெய்மன் என்ற கணிதவியலாளர் இதற்கு வடிவம் கொடுத்தார்.

எப்படிப் போடுவது?

ஒவ்வொரு குழுவின் திட்டவிலக்கத்தையும் வர்க்கப்படுத்தி, ஆட்களின் எண்ணிக்கையால் வகுத்து, இரண்டையும் கூட்டி, வர்க்கமூலம் எடுக்க வேண்டும். இங்கே சுமார் 850 ரூபாய் வரும். இது திட்டப்பிழை. 95 சதவீத நம்பிக்கைக்கு இதை ஏறத்தாழ 2-ஆல் பெருக்கினால் 1,700. வித்தியாசமான 1,200-லிருந்து இதைக் கழித்து, பிறகு கூட்டினால் இடைவெளி ரெடி: மைனஸ் 500 முதல் 2,900 வரை.

அதாவது, சங்கத்துக்காரர்கள் 2,900 ரூபாய் கூடுதலாக வாங்கலாம். 500 ரூபாய் குறைவாகவும் வாங்கலாம். இந்த முறையில் 100 சர்வே எடுத்தால், சுமார் 95 சர்வேக்களின் இடைவெளிக்குள் உண்மையான வித்தியாசம் இருக்கும். 95 சதவீதம் என்பதன் அர்த்தம் அவ்வளவுதான்.

பூஜ்யம் உள்ளே வந்தால்?

தவறு நடப்பது இங்கேதான். இடைவெளிக்குள் பூஜ்யம் இருக்கிறதே, அப்போ ‘வித்தியாசமே இல்லை’ என்று ஃபைலை மூடிவிடுவார்கள். அதுவும் தப்பு. 2,900 ரூபாய் வரை வித்தியாசம் இருக்க வாய்ப்பு இருக்கும்போது ‘இல்லை’ என்று எப்படிச் சொல்வது? ‘இந்த சாம்பிள் போதாது’ என்பதே நேர்மையான பதில்.

குழுவுக்கு 160 பேர் என்று ஆக்கி, அதே சராசரியும் திட்டவிலக்கமும் வந்தால், இடைவெளி 350 முதல் 2,050 ஆகச் சுருங்கும். சாம்பிள் நான்கு மடங்கானால் ஆட்டம் பாதியாகும். இப்போது பூஜ்யம் வெளியே போய்விட்டது, பேச்சும் மாறிவிட்டது.

கணக்கு காப்பாற்றாத இடங்கள்

சங்க நிர்வாகமே கைகாட்டும் 40 பேரைக் கேட்டால் எந்தச் சூத்திரமும் உதவாது. ஒரே தறியில் உழைக்கும் கணவன், மனைவி இருவரையும் இரண்டு பேராக எண்ணினால், இடைவெளி பொய்யாகக் குறுகும். ஒரு குழுவை முகூர்த்த சீசனிலும் மற்றதை மழைக்காலத்திலும் கேட்டால், அளப்பது கூலியை அல்ல, காலத்தை.

2022-23 குடும்ப நுகர்வுச் செலவு சர்வேயில், தமிழகத்தில் ஒரு நபரின் சராசரி மாதச் செலவு கிராமத்தில் 5,310 ரூபாய், நகரத்தில் 7,630 ரூபாய். இந்த 2,320 ரூபாய் இடைவெளியும் சாம்பிளிலிருந்து வந்த மதிப்பீடுதான். நாடு முழுக்க 2.6 லட்சம் குடும்பங்களைக் கேட்ட சர்வே என்பதால் அதற்கு ஒரு பலம் உண்டு. 80 பேரைக் கேட்ட சர்வேக்கு அந்தப் பலம் கிடையாது.

ஆகவே கூலி நிர்ணயம், மானியம் என்று முடிவெடுக்கும் எந்த அறிக்கையிலும் இரண்டு சராசரிகளை ஒப்பிட்டால், பக்கத்திலேயே இடைவெளியையும் அச்சிட வேண்டும். செய்தி போடும் ஊடகங்களும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். ‘1,200 ரூபாய்’ என்பது பாதித் தகவல்தான். மீதிப் பாதியை மறைத்துவிட்டு எடுக்கும் முடிவில் நஷ்டப்படப்போவது தறியில் உட்கார்ந்திருப்பவர்.