"மாமா வந்திருக்கார்!"

என் கணவர் கடற்படை மாலுமி. 1971 போரின்போது விக்ராந்த் கப்பலில், வங்கக் கடலில் இருந்தார். கப்பல் எங்கே நிற்கிறதென்று எழுதக் கூடாது. கடிதமெல்லாம் ஃப்ளீட் மெயில் ஆபீஸ் விலாசத்துக்குத்தான். டிசம்பர் 9-ல் டையூ அருகே குக்ரி கப்பல் மூழ்கி 194 பேர் மாண்டார்கள். சேதி கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நல்லபடியாகத் திரும்பி வந்தார். ஒன்றரை வயது மகனோ, "மாமா வந்திருக்கார்!" என்று என் புடவைக்குள் ஒளிந்துகொண்டான். போருக்குக் கலங்காதவர் அன்று கண் கலங்கினார்.

மறுநாளே அவர் போட்டோவைப் பிள்ளையின் கண்ணுக்கு எட்டும் உயரத்தில் மாட்டினேன். "அப்பா பார்க்கிறார், சாப்பிடு" என்று சொல்லிச் சொல்லியே ஊட்டினேன். அடுத்த லீவுக்கு அவர் வந்தபோது, "அப்பா!" என்று வாசலுக்கே ஓடினான்.

கணவர் வெளியூரிலிருக்கும் சகோதரிகளே, போட்டோவைப் பீரோவில் பூட்டி வைக்காதீங்க!