வெள்ளைப் பல், சிவந்த ஈறு

மார்ச் 20 உலக வாய்நல நாள். வழக்கம்போல் இந்த வாரமும் பள்ளிக்கூடங்களில் முகாம், பிள்ளைகள் கையில் இலவசப் பற்பசை, மேடையில் மிட்டாய்க்கு எதிரான அறிவுரை. சொத்தைப் பல்லைப் பற்றிப் பேசினார்கள், பல்லின் வெண்மையைப் பற்றிப் பேசினார்கள். பல்லைப் பிடித்து வைத்திருக்கும் ஈறுகளைப் பற்றிப் பேச்சே இல்லை. பற்பசை விளம்பரங்கள்மீது எனக்குள்ள கோபம் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்குத் தெரிந்ததுதான். துப்பிய நுரையில் ரத்தத்தைக் காட்டி, இந்தப் பசையை வாங்கினால் நின்றுவிடும் என்று சொல்கிற விளம்பரம் அந்தக் கோபத்தை இன்னும் கிளறிவிட்டது. ஈறு வீக்கத்தை ஓரளவு குறைக்கும் பசைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஈறுக்கு அடியில் இறுகிப்போன காரையைக் கரைக்கும் பசை எதுவும் கிடையாது. அதைச் சொல்லாமல் விடுவது, பல் மருத்துவரிடம் போகவேண்டியவரைக் கடைக்கு அனுப்புகிற வேலை.

கீழ்வரிசை முன்பற்களின் பின்பக்கம், நாக்கு உரசும் இடத்தில், மஞ்சளாக ஒரு படிவம் பலருக்கும் இருக்கும். தினமும் பல்மேல் படியும் கிருமிப் படலத்தில் எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்து சேர்ந்து கெட்டியானதுதான் அந்தக் காரை. அதன் சொரசொரப்பில் மேலும் கிருமி ஒட்டும். ஈறு சிவக்கும், வீங்கும், பிரஷ் பட்டாலே கசியும். இந்தக் கட்டத்தில் சுத்தம் செய்தால் ஈறு பழையபடி ஆகிவிடும். விட்டுவிட்டால் அழற்சி உள்ளே இறங்கி, பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே பள்ளம் விழுகிறது, தாடை எலும்பு கரைகிறது. மருத்துவர் மில்லிமீட்டர் கோடுகள் போட்ட மெல்லிய கம்பியைப் பல்லோரமாக இறக்கி அந்தப் பள்ளத்தை அளப்பார். மூன்று மில்லிமீட்டர் வரை கவலையில்லை, அதற்குமேல் போனால் கவனிக்க வேண்டும். கரைந்த எலும்பு தானாக வளர்ந்து வராது. இவ்வளவும் பெரும்பாலும் வலியில்லாமலே நடந்து முடிந்துவிடுகிறது.

இதையெல்லாம் இவ்வளவு உறுதியாகச் சொல்ல முடிகிறதென்றால், அதற்கு ஹரால்டு லோ என்ற நார்வே நாட்டு ஆய்வாளருக்குக் கடன்பட்டிருக்கிறோம். 1965இல் டென்மார்க்கின் ஆர்ஹுஸ் நகரில், ஆரோக்கியமான ஈறு கொண்ட 12 பேரைப் பல் விளக்குவதை நிறுத்தச் சொன்னார். 10 முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும் ஈறு வீங்கியது. மறுபடி விளக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. அப்படியானால் பல ஆண்டுகள் விளக்காமலே விட்டால் என்ன ஆகும்? அந்தக் கேள்வியோடு அவர் 1970இல் வந்து சேர்ந்த இடம் இலங்கை மலையகத்தின் தேயிலைத் தோட்டங்கள். அவர் பார்த்த வாய்கள் தமிழ்த் தொழிலாளர்களின் வாய்கள். உலக வாய்நல நாளை விட்டுவிட்டு நான் இங்கே வந்து நிற்பதற்குக் காரணம் இதுதான்: உலகெங்கும் பல் மருத்துவ மாணவர்கள் படிக்கிற ஈறு நோய்க் கணக்கு நம்மவர்களின் வாயிலிருந்து எழுதப்பட்டது, நம்மில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

14 முதல் 30 வயதுக்கு உட்பட்ட 480 ஆண் தொழிலாளர்கள். சொத்தை ஏறக்குறைய இல்லை, பிரஷ் பழக்கம் இல்லை, பல் மருத்துவம் அவர்களை எட்டியதே இல்லை. 1985 வரை திரும்பத் திரும்பப் பரிசோதித்து, 1986இல் முடிவுகளை வெளியிட்டார்கள். 81 சதவீதத்தினருக்கு நோய் மெதுவாக நகர்ந்து, 45 வயதில் சராசரியாக ஏழு பற்கள் போயிருந்தன. 8 சதவீதத்தினருக்கு அது பாய்ச்சலாகப் போனது: 35 வயதில் 12 பற்கள், 40இல் 20, 45இல் வாயே பொக்கை. மீதி 11 சதவீதத்தினருக்கு ஈறு வீக்கத்தோடு நின்றது, பல் எதுவும் விழவில்லை. இந்தத் தொழிலாளர்களோடு ஒப்பிட லோ எடுத்துக்கொண்டது, சிறுவயதிலிருந்தே பல் மருத்துவம் கிடைத்துவந்த ஆஸ்லோ நகரத்துப் படித்தவர்களை. 40 வயதை நெருங்கும்போது அவர்களுடைய பல்லின் பிடிப்பு சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்குத்தான் குறைந்திருந்தது. தோட்டத்தில் அது நாலரை மில்லிமீட்டர்.

“எங்கள் தாத்தா அடுப்புக்கரியில்தான் பல் தேய்த்தார், எண்பது வயதில் கரும்பு கடித்தார்” என்று சொல்பவர்களுக்கு அந்த 11 சதவீதம்தான் பதில். அப்படிப்பட்டவர்கள் உண்டு, அது அவர்கள் உடம்பின் வரம். நீங்கள் அந்தப் பதினொன்றில் ஒருவரா, எட்டில் ஒருவரா என்பது இருபது வயதில் யாருக்கும் தெரியாது. நாங்கள் தினமும் விளக்குகிறோமே, தோட்டத்துக் கணக்கு எங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்றும் கேட்கலாம். பிரஷ் இரண்டு பல்லுக்கு இடையில் நுழைவதில்லை. அந்த இடுக்கைப் பொறுத்தவரை நம்மில் பலரும் பிரஷ் பிடிக்காதவர்கள்தான். உலகில் நூறு கோடிக்கும் மேற்பட்டோருக்குக் கடுமையான ஈறு நோய் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் கணக்கிட்டது. தினமும் பல் விளக்குபவர்கள் அதில் இல்லாமலா இருப்பார்கள்?

அடுத்த ஆட்சேபம், பல்லைச் சுத்தம் செய்தால் பல் ஆடும் என்பது. இந்த ஒரு பயத்தாலேயே பலர் பல்லை இழக்கிறார்கள். காரை மண்டிக் கிடக்கும்போது ஆடும் பல்லை அந்தக் காரையே முட்டுக் கொடுத்து வைத்திருக்கும். எடுத்ததும், எலும்பு ஏற்கெனவே கரைந்துபோன உண்மை வெளியே தெரிகிறது, பழி சுத்தம் செய்தவர்மேல் விழுகிறது. ஸ்கேலிங் என்னும் இந்தச் சுத்தம் எலும்பைக் கரைப்பதில்லை. நோய் ஆழமாகப் போயிருந்தால் வேர்வரை சுத்தம் செய்வார்கள், சில வாரம் கழித்து மறுபடி அளப்பார்கள், அப்போதும் பள்ளம் ஆறாவிட்டால் ஈறைத் திறந்து சுத்தம் செய்யும் அறுவைச் சிகிச்சை உண்டு. போன எலும்பை முழுமையாக மீட்க முடியாவிட்டாலும் இருப்பதைக் காப்பாற்ற முடியும். அதற்குச் சில மாதங்களுக்கு ஒருமுறை போய்க்கொண்டே இருக்கவேண்டும். சர்க்கரை நோயாளிக்கு இது பல் சமாச்சாரம் மட்டுமல்ல. சர்க்கரை கூடினால் ஈறு கெடும், ஈறு கெட்டால் சர்க்கரை அடங்காது. ஈறு நோய்க்குச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு (HbA1c) ஏறக்குறைய 0.4 சதவீதப் புள்ளி குறைவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. புகைப்பவர்களுக்கு ரத்தக் கசிவு குறைவாகவே தெரியும் என்பதால், கசியவில்லை என்று அவர்கள் நிம்மதி அடையக் கூடாது.

லோ பரிசோதித்த தோட்டத் தொழிலாளர்கள், இலங்கையின் 1948 சட்டத்தால் குடியுரிமை பறிக்கப்பட்டு, பெரும்பாலோர் நாடற்றவர்களாக வாழ்ந்த மக்கள். மருத்துவம் எட்டாத இடத்தில் இருந்தார்கள் என்பதே அவர்களை ஆய்வுக்கு உகந்தவர்களாக்கியது. 2010இல் அவர்களில் 75 பேரைத் தேடிப் பிடித்து மறுபடி பரிசோதித்தார்கள். நாற்பது ஆண்டுகளில் சராசரியாக 13 பற்களை இழந்திருந்தார்கள். காரையை நீக்குவதும் ஈறு வீக்கத்தை அடக்குவதும்தான் பல்லைக் காக்கும் என்பது அந்த ஆய்வின் முடிவு. அவர்கள் பல்லைக் கொடுத்துக் கிடைத்த அறிவு இது. தமிழ்நாட்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் சர்க்கரை நோயாளிகளின் வீட்டுக்கே போகிறது. போகிறவர்கள் “பல் விளக்கும்போது ரத்தம் வருகிறதா?” என்று ஒரு கேள்வி கேட்டு, வருகிறது என்பவரை அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கு அனுப்பட்டும். வாசகர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: ரத்தம் வருகிற இடத்தில் பிரஷை நிறுத்தாதீர்கள், இடுக்கைச் சுத்தம் செய்யாமல் படுக்காதீர்கள், வலி வரும்வரை பல் மருத்துவருக்காகக் காத்திருக்காதீர்கள்.