‘சேவ்’ செய்தால் போதுமா?



தையல் கணக்கு, சீட்டுக் கணக்கு, பிள்ளைகளின் பாடக் குறிப்பு, கலியாணப் படங்கள் என்று காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி வீடுகளிலும் பலவும் கணனிக்குள் போய்விட்டன. கரண்ட் மட்டும் நம் சொல் கேட்பதில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்தது. 2025 பெப்ரவரி 9இல் முழு இலங்கையும் ஒரேயடியாக இருண்டது. “சேவ் செய்தேனே, பிறகும் எப்படி அழிந்தது?” என்று கேட்கிறீர்களா?

கடைக்காரர் கடனுக்குக் கொடுத்த சாமானை உடனே கொப்பியில் பதிவதில்லை. துண்டில் குறித்து வைத்து, ஓய்வு கிடைத்ததும் பதிவார். அதற்குள் துண்டு தொலைந்தால் கணக்கும் போச்சு.

கணனியிலும் இப்படி இரண்டு துண்டுகள் உண்டு. நீங்கள் சேவ் செய்வதை விண்டோஸ் முதலில் தன் நினைவகத்தில் வைக்கிறது. பிறகு டிஸ்க்குக்கு அனுப்புகிறது. டிஸ்க்கோ தன்னிடமுள்ள சிறு நினைவகத்தில் வாங்கிக்கொண்டு, எழுதி முடிக்குமுன்பே “கிடைத்தது” என்று சொல்லிவிடலாம். இதெல்லாம் வேகத்துக்காகத்தான். ஆனால் கரண்ட் போனால் இரண்டு துண்டுமே அழிந்துவிடும்.

ஆகவே, “கையில் உள்ளதையெல்லாம் எழுதி முடி” என்று டிஸ்க்குக்குக் கட்டளையிடுவது விண்டோஸ் போன்ற இயங்குதளத்தின் கடமை. அதுவும் தவறியதுண்டு. விண்டோஸ் 98இல், டிஸ்க் எழுதி முடிக்குமுன்பே கணனி அணைந்து தகவல் அழியக்கூடும் என்று கண்டு, மைக்ரோசொப்ட் திருத்தம் வெளியிட்டது. அணைக்குமுன் சிறிது நேரம் காத்திருக்கச் செய்வதே அந்தத் திருத்தம்!

நாம் செய்ய வேண்டியவை:

1. பட்டனை அழுத்திப் பிடித்து அணைக்காதீர்கள். ‘ஷட் டவுன்’ கொடுத்து, முழுதாக அணையும்வரை பொறுங்கள்.

2. பென் டிரைவைச் சட்டென்று பிடுங்காதீர்கள். 2018இல் வந்த விண்டோஸ் 10 பதிப்பு முதல் இதில் ஆபத்துக் குறைவு. என்றாலும் எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் கோப்பு கெடும்.

3. டிஸ்க் அமைப்பில், எழுதி முடிக்கச் சொல்லும் இந்தக் கட்டளையை நிறுத்தும் ஒரு பெட்டி உண்டு. “வேகம் கூடும்” என்று யாராவது சொன்னாலும் அதில் ‘சரி’ அடையாளம் போட விடாதீர்கள்.

4. மேசைக் கணனிக்கு யு.பி.எஸ். வையுங்கள். கரண்ட் போனதும், அது தரும் சில நிமிடங்களுக்குள் ஒழுங்காக அணைத்துவிடுங்கள்.

5. முக்கியமானவற்றை இன்னொரு டிஸ்க்கிலும் பிரதி எடுத்து வையுங்கள்.

திருத்தக் கொடுத்த கணனி வீட்டுக்கு வந்ததும், மூன்றாவதை முதலில் பாருங்கள். வீட்டுப் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.